வணக்கமும் ஆராதனையும்



நான் செய்த பிழை ஒன்றைச் சொல்லி இப்பேச்சைத் தொடங்குகிறேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியப் பணியில் இருந்தவன் நான். தலைமையாசிரியன் ஆவதற்கு முன்பு ஓர் ஆண்டு, உயர்நிலை வகுப்புக்கு ஐரோப்பியச் சமயச் சீர்திருத்த வரலாற்றை நடத்தினேன். தேர்வு விடைத்தாளில் ஒரு மாணவன், கத்தோலிக்கர் புனிதர்களுக்கு வணக்கம் செலுத்துகின்றனர் என்றும், ஆராதனையோ கடவுள் ஒருவருக்கே உரியது என்றும் எழுதியிருந்தான். அவ்வரியை நான் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் ‘இரண்டும் ஒன்றே’ என்று எழுதி, இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்தேன். விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று அவன் எழுந்து நின்று, “ஐயா, எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றல்ல, ஐயா” என்றான். “சொல்லை மாற்றினால் பொருளும் மாறிவிடுமா, தம்பி?” என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான்.

பல ஆண்டுகள் கழித்து 8-ஆம் நூற்றாண்டு வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது, என் சிவப்பு மை செய்த அதே காரியத்தை உரோமை நகரத்து மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் செய்திருக்கக் கண்டேன். என் பிழையால் போனவை இரண்டு மதிப்பெண்கள். அவருடைய பிழையோ இரண்டு பெரும் நாடுகளின் திருச்சபைகளை மோதவிட்டது. அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். எந்தச் சமயத்தார் கொள்கை சரி என்று தீர்ப்புக் கூறுவது என் வேலையன்று. ஒரு வேறுபாடு எவ்வாறு பிறந்தது, அதன் பொருட்டு மக்கள் என்னென்ன துன்பம் அடைந்தனர் என்று காட்டுவதே வரலாற்று ஆசிரியன் வேலை.

முதலில் சிமிர்னா நகருக்குச் செல்வோம். இன்றைய துருக்கி நாட்டின் இஸ்மீர் நகரமே அது. ஏறத்தாழ கி.பி. 155-ஆம் ஆண்டில் அந்நகரத்து ஆயரான பொலிகார்ப்பு என்னும் முதியவரை உரோமை அதிகாரிகள் கொன்று தீயில் எரித்தனர். கிறிஸ்துவைப் பழித்தால் விட்டுவிடுவதாக ஆளுநன் கூறினான். எண்பத்தாறு ஆண்டுகள் தாம் ஊழியம் செய்த தலைவரைப் பழிக்க இயலாது என்று முதியவர் மறுத்துவிட்டார். அவர் இறந்தபின் அவர் உடலைக் கிறிஸ்தவர்களிடம் கொடுக்க வேண்டாமென்று சிலர் ஆளுநனை வேண்டினர். கொடுத்தால் அவர்கள் சிலுவையில் அறையுண்டவரை விட்டுவிட்டு இவரை வழிபடத் தொடங்கிவிடுவார்கள் என்பது அவர்கள் கூறிய காரணம்.

சிமிர்னாச் சபையார் இந்நிகழ்ச்சியை ஒரு திருமுகமாக எழுதி வேறொரு சபைக்கு அனுப்பினர்; அத்திருமுகம் இன்றும் உள்ளது. தாங்கள் வழிபடுவது கிறிஸ்துவை மட்டுமே என்றும், வேதசாட்சிகளை அவருடைய மாணாக்கர் என்ற முறையில் அன்பு செய்வதாகவும் அதில் அவர்கள் தெளிவாக எழுதியுள்ளனர். அதே திருமுகத்தில், எரிந்து எஞ்சிய எலும்புகளைப் பொன்னினும் மணியினும் மேலாகப் போற்றி எடுத்துவைத்ததையும், ஆண்டுதோறும் அந்நாளில் அவ்விடத்திலே கூடவிருப்பதையும் தெரிவிக்கின்றனர். அந்த இறந்த நாளுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘பிறந்த நாள்’. இன்றும் கத்தோலிக்க நாட்காட்டியில் புனிதர் திருநாள்களுட் பல அவரவர் இறந்த நாளிலேயே அமைந்திருப்பதற்கு வேர் இங்கேதான் உள்ளது.

இத்திருமுகத்தைச் சற்று உற்று நோக்குங்கள். புனிதரைக் கடவுளாக்குகிறீர்கள் என்ற குற்றச்சாட்டும் இதில் இருக்கிறது. அதற்கு மறுப்பும் இருக்கிறது. எலும்பை மணியினும் மேலாகப் போற்றும் அன்பும் இருக்கிறது. பின்வந்த நூற்றாண்டுகளின் வழக்கு முழுவதும் இந்த ஒரு திருமுகத்தில் அடங்கிவிட்டது எனலாம்.

அடுத்த காட்சி இத்தாலியின் மிலான் நகரம். ஏறத்தாழ 385-ஆம் ஆண்டு. வட ஆப்பிரிக்காவிலிருந்து மகனைத் தேடி வந்த மோனிக்கா என்ற விதவைத் தாய், தம் ஊர் வழக்கப்படி கூழும் அப்பமும் திராட்சை மதுவும் கூடையில் எடுத்துக்கொண்டு வேதசாட்சிகளின் நினைவிடத்துக்குச் செல்கிறார். வாயிற்காவலன் தடுக்கிறான். இவ்வழக்கத்தை ஆயர் அம்புரோசியார் விலக்கிவிட்டார் என்கிறான். குடிப்பவர்களுக்கு இது நல்ல சாக்காகிவிட்டது என்பது ஒரு காரணம். இறந்த முன்னோருக்குப் படையலிடும் பழைய உரோமைச் சடங்கைப் போலவே இது இருந்தது என்பது மற்றொன்று. அந்த அம்மையார் மறுசொல் பேசாமல் திரும்பிவிட்டார். கூடையில் இருந்ததை ஏழைகளுக்கு அளித்தார். நினைவிடத்துக்கு வேண்டுதலை மட்டும் கொண்டு சென்றார். இதை எழுதிவைத்தவர் அவர் மகன் அகுஸ்தீனார். விலக்கியவர் அம்புரோசியாராக இல்லாமல் வேறொருவராக இருந்தால் தம் தாய் இத்தனை எளிதில் பணிந்திருப்பாரோ என்ற ஐயத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அன்னையரை அறிந்த மகன்!

அந்த அகுஸ்தீனார் பின்னர் ஹிப்போ நகரத்து ஆயரானார். மானிக்கேய சமயத்தைச் சேர்ந்த பவுஸ்து என்பவர், பழைய தெய்வச் சிலைகளின் இடத்தில் நீங்கள் வேதசாட்சிகளை வைத்துவிட்டீர்கள் என்று கிறிஸ்தவரைப் பழித்தார். அகுஸ்தீனார் கூறிய விடை மிகவும் கூர்மையானது. மண்டியிடுதல், விளக்கேற்றுதல், தலைவணங்குதல் ஆகிய செயல்களைப் பற்றி அவர் வாதிடவில்லை. பலிபீடத்தைக் காட்டினார். வேதசாட்சிகளின் கல்லறைமேல் பீடம் எழுப்புகிறோம். ஆனால் எந்தக் குருவாவது அப்பீடத்தில் நின்று, பேதுருவே, பவுலே, உமக்கு இப்பலியை ஒப்புக்கொடுக்கிறேன் என்று சொன்னதுண்டா என்பது அவர் வாதம். பலி கடவுளுக்கு மட்டும் உரியது. அந்தப் பலிதான் ஆராதனைக்கு அடையாளம். புனிதர்களுக்கு உரியது அன்பும் தோழமையுமாகிய மரியாதை.

சொல் தேடுவதில் அவரும் இடர்ப்பட்டார். கடவுளுக்கு மட்டும் உரிய வழிபாட்டைக் குறிக்க இலத்தீன் மொழியில் ஒரே சொல் அகப்படாமையால், ‘லத்ரெயா’ என்ற கிரேக்கச் சொல்லையே எடுத்துக்கொண்டார். மொழி தெரியாத காரணத்தால் அன்று, மொழியை நன்கு அறிந்த காரணத்தால்!

இனி மூன்று நூற்றாண்டுகளைத் தாண்டிக் கான்ஸ்டான்டினோபிளுக்கு வருவோம். கிழக்கு உரோமைப் பேரரசில் கோயில்தோறும், வீடுதோறும் கிறிஸ்துவின் படமும் புனிதர் படமும் நிறைந்திருந்தன. மக்கள் அவற்றை முத்தமிட்டனர். அவற்றின் முன் விழுந்து வணங்கினர். 730-ஆம் ஆண்டில் மூன்றாம் லியோ பேரரசர் படங்களை விலக்கி ஆணையிட்டார். இணங்க மறுத்த நகரத் தலைமை ஆயர் ஜெர்மானுஸ் பதவி இழந்தார். லியோவின் மகன் ஐந்தாம் கான்ஸ்டன்டைன் 754-ஆம் ஆண்டில் 338 ஆயர்களைக் கூட்டிப் படவணக்கத்தைக் கண்டிக்கச் செய்தான். படங்கள் சுரண்டப்பட்டன; சுவர்களில் சுண்ணாம்பு பூசப்பட்டது; எதிர்த்த துறவியர் பலர் அடியும் சிறையும் நாடுகடத்தலும் கண்டனர்; சிலர் உயிரையும் இழந்தனர்.

இந்தப் புயலில் படங்களுக்காக எழுந்த மிகப் பெரிய குரல் பேரரசுக்கு வெளியே இருந்து வந்தது என்பது வரலாற்றின் விந்தை. தமஸ்கு நகரத்து யோவான், கலீபாவின் ஆட்சிக்குட்பட்ட நாட்டில் வாழ்ந்தவர். அவர் குடும்பத்தார் கலீபாவின் அரசில் பணி செய்தவர்கள். பேரரசரின் கை அவரை எட்டவில்லை. அவர் எழுதிய மூன்று நூல்களில் ஒரு கிரேக்கச் சொல்லை எடுத்துப் பிரித்துக் காட்டுகிறார். ‘புரோஸ்கினேசிஸ்’ என்பது அச்சொல். தாழ்ந்து வணங்குதல் என்பது பொருள். யாக்கோபு தன் அண்ணன் ஏசாவின் முன் தரைமட்டும் பணிந்தான் என்று விவிலியம் கூறுகிறதே, அவன் அண்ணனைக் கடவுளாக்கினானா என்று கேட்கிறார். ஆகவே வணங்குதல் பலவகைப்படும். அவற்றுள் ‘லத்ரெயா’ என்னும் ஆராதனை மட்டும் கடவுளுக்கே உரியது. உடம்பு ஒரே மாதிரி வளைந்தாலும் உள்ளம் செலுத்துவது ஒன்றல்ல என்பது அவர் கொள்கை.

787-ஆம் ஆண்டில் ஐரீன் பேரரசியின் ஆட்சியில் நைசியா நகரில் பொதுச்சங்கம் கூடியது. அதற்கு முந்திய ஆண்டு தலைநகரிலேயே கூட்ட முயன்றபோது, ஐந்தாம் கான்ஸ்டன்டைனின் நினைவை மறவாத போர்வீரர்கள் வாளோடு புகுந்து கலைத்துவிட்டனர். ஆதலால் இடம் மாற்றவேண்டியதாயிற்று. முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆயர்கள் கூடிய அச்சங்கத்தின் முடிவு இது: படங்களுக்கு முத்தமும் மரியாதை வணக்கமும் தகும்; தூபமும் விளக்கும் தகும்; மெய்யான ஆராதனையோ தெய்வத் தன்மைக்கு மட்டுமே உரியது; படத்துக்குச் செய்யும் மரியாதை படத்தில் உள்ளவரைச் சென்று சேர்கிறது. இரண்டு சொற்களுக்கு நடுவில் ஒரு கோடு கிழித்தாயிற்று. கிரேக்க மொழியில் அந்தக் கோடு தெளிவாக இருந்தது.

இப்போதுதான் நம் மொழிபெயர்ப்பாளர் வருகிறார். போப்பாண்டவர் முதலாம் ஹேட்ரியனுக்குச் சங்க நடவடிக்கைகள் வந்து சேர்ந்தன. உரோமையில் அவற்றை இலத்தீனில் பெயர்த்தனர். பெயர்த்தவர் யார் என்று வரலாறு பெயர் சொல்லவில்லை. அவருக்கு அது நல்லதே. ‘புரோஸ்கினேசிஸ்’ வந்த இடமெல்லாம் அவர் ‘அடோராசியோ’ என்று எழுதினார். அச்சொல்லைக் கேட்ட இலத்தீன் காதுக்கு அது ஆராதனை என்றே பட்டது. இதைவிடப் பெரிய இடறலும் நேர்ந்தது. சைப்பிரசுத் தீவின் ஆயர் கான்ஸ்டன்டைன் என்பவர், படங்களை மரியாதையுடன் ஏற்கிறேன், ஆராதனையைத் திரித்துவக் கடவுளுக்கு மட்டுமே செலுத்துகிறேன் என்று சங்கத்தில் கூறியிருந்தார். இலத்தீன் படியிலோ, திரித்துவத்துக்குச் செலுத்தும் அதே ஆராதனையைப் படங்களுக்கும் செலுத்துவதாக அவர் சொன்னதுபோல் ஆகிவிட்டது. அவர் மறுத்ததையே அவர் வாயில் வைத்துவிட்டது மொழிபெயர்ப்பு.

இந்தப் படி பிராங்கியர் வேந்தன் சார்லமேனின் அவைக்குப் போயிற்று. அங்கே இருந்த அறிஞர்கள் திகைத்தனர். தியோடல்ஃபு என்னும் அறிஞர் வேந்தன் பெயரால் நான்கு பாகங்கள் கொண்ட பெரிய மறுப்பு நூலை எழுதினார். 794-ஆம் ஆண்டில் பிராங்க்ஃபர்ட்டில் கூடிய சங்கம், படங்களுக்குத் திரித்துவத்துக்கு ஒப்பான ஆராதனை செய்யச் சொன்னவர்களைக் கண்டித்தது. யாரும் சொல்லாத ஒன்றை எதிர்த்து ஆயர்கள் கூடிக் கண்டனம் நிறைவேற்றினர்! போப்பாண்டவர் நைசியாவுக்காகப் பரிந்து விடை எழுதினார். பிராங்கியர் மனம் எளிதில் மாறவில்லை.

எல்லாப் பழியையும் மொழிபெயர்ப்பின்மேல் போட்டுவிடுவது நேர்மையாகாது. ஏறத்தாழ 600-ஆம் ஆண்டிலேயே பெரிய கிரகோரியார் என்ற போப்பாண்டவர், படங்களை உடைக்கவும் வேண்டாம், ஆராதிக்கவும் வேண்டாம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அவை நூலாக இருக்கட்டும் என்று மார்செய் நகரத்து ஆயருக்கு எழுதியிருந்தார். மேற்கு நாட்டார் அந்த வழியில் பழகியவர்கள். கிரேக்கப் பேரரசோடு அரசியல் போட்டியும் இருந்தது. நல்ல மொழிபெயர்ப்பு வந்திருந்தாலும் பிராங்கியர் முழுதும் இணங்கியிருப்பார்கள் என்று நான் எண்ணவில்லை. ஆனால் உண்மையில் எதில் வேறுபடுகிறோம் என்பதையாவது அறிந்து வேறுபட்டிருப்பார்கள். ஏறத்தாழ 873-ஆம் ஆண்டில் உரோமையின் நூலகர் அனஸ்தாசியுஸ் புதிய மொழிபெயர்ப்பைச் செய்தார். பழைய படி படிப்பதற்கோ படியெடுப்பதற்கோ தகுதியற்றதாய் இருந்தது என்று அவரே குறைகூறியுள்ளார். அதற்குள் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இப்பிரிவினைக்கு நிலையான வடிவம் கொடுத்தார். கடவுளுக்கு ‘லாத்ரியா’; புனிதர்களுக்கு ‘தூலியா’; அவர்களுள் தலைசிறந்த மரியன்னைக்கு ‘ஹைப்பர்தூலியா’, அதாவது மேலான வணக்கம். ஆனால் அதுவும் வணக்கமே. ஆராதனையின் எல்லைக்குள் அது புகுவதில்லை. கல்லூரி மாணவர்கள் இம்மூன்று சொற்களையும் நினைவில் வைத்தால் தேர்வுக்குப் போதும்.

சீர்திருத்தக் காலத்தில் வந்த எதிர்வாதமும் எளியதன்று. 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கையில் லூத்தரின் வழியினர், புனிதரை நினைத்து அவர் வாழ்வைப் பின்பற்றலாம், அவரை நோக்கி வேண்டலாகாது என்றனர். கால்வின் மேலும் கடுமையாக அறைந்தார். ‘தூலியா’ என்பது அடிமை என்ற சொல்லிலிருந்து வந்தது. அடிமைத் தொண்டு வெறும் மரியாதையைவிடப் பெரிதல்லவா, அதைப் புனிதருக்குக் கொடுத்துவிட்டுக் கடவுளுக்கு எதைக் கொடுப்பீர்கள் என்று கேட்டார். மண்டியிடும் முழங்காலுக்கு எந்தப் பெயர் சூட்டினாலும் அது மண்டியிட்ட முழங்கால்தானே என்பது அவர் கருத்து. நான் அந்த மாணவனிடம் கேட்ட கேள்வியும் ஏறத்தாழ இதுவே. ஆனால் கால்வின் எதிர்த்தரப்பின் நூல்களைப் படித்துவிட்டுக் கேட்டார். நான் படிக்காமல் கேட்டேன்.

1566-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நெதர்லாந்து நாட்டில் கூட்டங்கள் கோயில்களுக்குள் புகுந்து சிலைகளை நொறுக்கின. ஆண்ட்வெர்ப்பின் பேராலயமும் தப்பவில்லை. அதற்கு மூன்று ஆண்டு முன்னரே, 1563-ஆம் ஆண்டு டிசம்பரில், திரெந்து பொதுச்சங்கம் தன் கடைசி அமர்வில் இதைப்பற்றி முடிவு செய்திருந்தது. புனிதரின் வேண்டுதலை நாடுவது நல்லது. எனினும் வரம் தருபவர் கடவுளே. சிலைக்குள் தெய்வத் தன்மை இருப்பதாக எண்ணி அதனிடம் எதையும் கேட்டலாகாது என்பது அம்முடிவு. அதோடு நிற்கவில்லை. மூடநம்பிக்கையை ஒழிக்கவும், புனிதர் பெயரால் பணம் பறிப்பதை நீக்கவும், திருநாளைக் குடிக்கும் களியாட்டமாக்குவதைத் தடுக்கவும் ஆணையிட்டது. மிலான் நகரத்து வாயிற்காவலன் நினைவுக்கு வருகிறானா? இடையில் ஏறத்தாழ 1,180 ஆண்டுகள். குடி மட்டும் மாறவில்லை. எதிர்த்தவர்கள் கூறிய குறைகளில் உண்மையும் உண்டென்று சங்கமே ஒப்புக்கொண்டதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இந்த வேறுபாடு நம் தமிழுக்கும் வந்து சேர்ந்தது. 1586-ஆம் ஆண்டில் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் என்ற போர்ச்சுகீசியக் குரு புனிதர்களின் வரலாறுகளைத் தமிழில் அச்சிட்டார். ‘ஃப்ளோஸ் சாங்க்தோரும்’ எனப்படும் அந்நூலை அறிஞர்கள் ‘அடியார் வரலாறு’ என்று வழங்குவர். புனிதரைக் குறிக்க அடியார் என்ற சொல்லைவிடப் பொருத்தமானது எது? ஆண்டவனுக்கு அடிமை பூண்டவரே அடியார், ஆண்டவன் ஆகார். கத்தோலிக்கத் தமிழ் வழக்கில் நற்கருணையின் முன் செய்வது ‘ஆராதனை’. சூசையப்பருக்கும் மாதாவுக்கும் உரிய மாதங்கள் ‘வணக்கமாதம்’. அவர்களுடைய மன்றாட்டுமாலையிலும் இதே வேறுபாடு உண்டு; கடவுளை நோக்கும்போது இரக்கம் காட்டுமாறு கேட்பர்; புனிதரை நோக்கும்போது தங்களுக்காகக் கடவுளிடம் பரிந்து பேசுமாறு கேட்பர். இந்த வினைச்சொற்கள் ஒருபோதும் இடம் மாறுவதில்லை. அந்த மாணவன் ‘எங்கள் வீட்டில்’ என்று சொன்னது இதைத்தான். அவன் பாட்டியின் வாய்ச்சொல்லில் இருந்த இலக்கணம் என் பட்டத்தில் இல்லை.

தேர்த் திருநாளில் நெரிசலில் நிற்கும் எல்லோரும் இந்தக் கோட்டை மனத்தில் வைத்திருக்கிறார்களா என்று கேட்டால், இல்லை என்றே நான் விடை சொல்வேன். நோயுற்ற குழந்தையைத் தோளில் சுமந்து நிற்கும் தாய் ‘லாத்ரியா’வையும் ‘தூலியா’வையும் எடைபோட மாட்டாள். அதனால்தான் திருச்சபை தன் சட்டத்திலேயே ஒரு தடுப்பை வைத்தது. 1625, 1634 ஆகிய ஆண்டுகளில் எட்டாம் அர்பன் என்னும் போப்பாண்டவர், முறைப்படி அறிவிக்கப்படாத எவருக்கும் பொது வணக்கம் செலுத்தலாகாது, அவர் படத்தில் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வரையவும் கூடாது என்று விதித்தார். ஒருவரைப் புனிதராக உயர்த்த வழக்குத் தொடுப்பவர்கள், அவருக்கு இதுவரை பொது வணக்கம் நடைபெறவில்லை என்பதை முதலில் மெய்ப்பிக்க வேண்டும். விந்தையான விதி! வணங்காதிருந்ததைக் காட்டினால்தான் வணங்கும் உரிமை கிடைக்கும். தனியாகக் கல்லறைக்குச் சென்று வேண்டுவோரை அது தடுப்பதில்லை.

நம் குமரி மாவட்டத்துத் தேவசகாயம் பிள்ளையின் வழக்கும் இந்த விதிக்கு உட்பட்டே நடந்தது. நட்டாலத்தில் 1712-ஆம் ஆண்டு பிறந்து, 1745-ஆம் ஆண்டு வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர் அவர். கோட்டாற்றுக் கோயிலில் அவரை அடக்கம் செய்தனர். மக்கள் தலைமுறை தலைமுறையாக அவர் கல்லறைக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆயினும் ‘அருளாளர்’ என்ற பட்டம் 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள்தான் கிடைத்தது. இடையில் 260 ஆண்டுகள். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் உரோமையில் போப்பாண்டவர் பிரான்சிஸ் அவரையும் வேறு ஒன்பது பேரையும் புனிதர்களாக அறிவித்தார். பேதுரு பேராலயத்தின் முகப்பில் பத்துப் பேரின் பெரிய படங்களும் தொங்கின. அவற்றுக்குக் கீழே சதுக்கத்தில் பீடம் அமைத்துத் திருப்பலி நடந்தது. பத்துப் பெயர்களும் உரக்க வாசிக்கப்பட்டன. அவர்களுள் எவருக்கும் அந்தப் பலி ஒப்புக்கொடுக்கப்படவில்லை.